மகனுக்குப் பைப் வளைக்க வரவில்லை, டிப்ளமோவுக்கு மாற்றிவிடலாமா?

ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவு, இரண்டாம் ஆண்டு. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் லீவு நாளில் தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரிடம் அனுப்பியபோது, "தம்பிக்கு ஒரு பெண்டு கூடப் போட வரலைங்க, வயர் இழுக்க வேணா வரட்டும்" என்று சொல்லிவிட்டாராம். பெண்டு என்றால், வயர் போகும் கண்டியூட் பைப்பில் போடும் வளைவு. பையன் சோர்ந்து போயிருக்கிறான். கைவேலை இவனுக்கு ஒத்துவராதோ, டிப்ளமோவில் சேர்த்துவிடலாமோ என்று அம்மாவுக்குக் கவலை.

அம்மா, இந்த ஒரு காரணத்துக்காக முடிவை மாற்ற வேண்டாம். ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேட்சுக்கு இருபது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கைக்கும் பைப் வந்து சேர்வது சில தடவைதான். அதற்குள் யாருக்கும் கை பழகிவிடாது. உங்கள் மகனுக்கு வராதது அறிவால் வருவதல்ல, எண்ணிக்கையால் வருவது. அந்த எண்ணிக்கையை வீட்டு மொட்டை மாடியிலேயே கொடுத்துவிடலாம். ஒரு மாதம் பழகிய பிறகும் கை வரவில்லை, ஆர்வமும் இல்லை என்றால் அப்போது வேறு வழி பேசுவோம்.

முதலில் வாங்க வேண்டியவை. 20 மி.மீ. பி.வி.சி. கண்டியூட் பைப், மீடியம் ரகம், ஐ.எஸ். 9537 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது. 3 மீட்டர் நீளத்தில் பத்து பைப் போதும். கூடவே 20 மி.மீ. பெண்டிங் ஸ்பிரிங் ஒன்று; வளைக்கும்போது பைப் சப்பையாகாமல் இருக்க உள்ளே விடும் சுருள் இது. கடையில் "இருபது எம்.எம். ஸ்பிரிங்" என்று மட்டும் கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். மீடியம் பைப்பும் ஹெவி பைப்பும் வெளியே ஒரே 20 மி.மீ.தான், ஆனால் சுவர்த் தடிமன் வேறு என்பதால் உள்துளை வேறு. ஸ்பிரிங் லூசாக இருந்தால் வளைவில் பைப் சப்பையாகும். டைட்டாக இருந்தால் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வராது. பைப்பைக் கையோடு கொண்டுபோய், ஸ்பிரிங்கை நுழைத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிறகு ஹேக்சா, அரை வட்ட அரம், டேப், மார்க்கர், இரண்டு மீட்டர் மெல்லிய ஜி.ஐ. கம்பி, ஒரு பழைய பிளைவுட் பலகை, பைப்பைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கும் சாடில் கிளிப் கொஞ்சம். கோணம் சரிபார்க்கப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள இரண்டு மூலைமட்டங்களே போதும். 30, 45, 60, 90 எல்லாம் அவற்றிலேயே இருக்கின்றன.

இன்னொன்றும் அவனே செய்துகொள்ளட்டும். பிளைவுட்டில் 150 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் அறுத்துப் பலகையில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். அதைச் சுற்றி வளைத்தால் உள்வளைவின் ஆரம் 75 மி.மீ. வரும். கண்டியூட் வளைவு 7.5 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் ஊர் வயரிங் விதிகளில் உள்ள அளவு. முழங்காலில் வைத்து வளைப்பதுதான் சைட்டில் வழக்கம். ஆனால் கற்கும்போது முழங்கால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆரம் கொடுக்கும், கணக்கு எதுவும் நிற்காது. முதல் இரண்டு வாரம் வட்டத்தில்தான் வளைக்க வேண்டும்.

முதல் பயிற்சி, சாதாரண 90 டிகிரி. பைப் முனையிலிருந்து வளைவின் வெளிமுதுகு வரை சரியாக 300 மி.மீ. வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பையன்கள் 300-ல் கோடு போட்டு அங்கேயே வளைத்துவிட்டு, ஏன் தள்ளிப் போகிறது என்று விழிப்பார்கள். வளைவு ஒரு புள்ளியில் நடப்பதில்லை, ஒரு நீளத்தில் நடக்கிறது. உள் ஆரம் 75, பைப் 20, ஆக வெளிமுதுகின் ஆரம் 95. 300-ல் 95 கழித்தால் 205. வளைவு தொடங்கும் கோடு அங்கே. பைப்பின் மையக்கோட்டு ஆரம் 85, அதைக் கால்வட்டத்துக்கான 1.57-ஆல் பெருக்கினால் சுமார் 133. ஆக 338-ல் வளைவு முடியும் கோடு. ஸ்பிரிங்கின் நடுப்பகுதி இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 272-ல் இருக்க வேண்டும். மறுபக்கமும் 300 வேண்டுமென்றால் 205, 133, 205 மூன்றையும் கூட்ட, மொத்தப் பைப் 543 அல்லது 544 மி.மீ.; 600 வெட்டினால் 56 மி.மீ. வீண். இந்தக் கணக்கை அவன் நோட்டில் ஒருமுறை போட்டு, பைப்பில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

வளைவு பைப் முனைக்கு அருகில் இல்லாமல் நடுவில் வந்தால், ஸ்பிரிங்கின் வளையத்தில் ஜி.ஐ. கம்பியைக் கட்டி உள்ளே விட வேண்டும். எவ்வளவு தூரம் போனது என்று தெரிய, கம்பியிலும் மார்க்கரால் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளட்டும். வளைக்கும்போது இரண்டு கையும் வளைவிலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்க வேண்டும். அருகில் பிடித்து அமுக்கினால் மடிப்பு விழும். வெடுக்கென்று வளைக்காமல், நிதானமாக ஒரே மூச்சில் கொண்டுவர வேண்டும். பி.வி.சி. திரும்ப விரியும் குணமுள்ளது. 90 வேண்டுமென்றால் 100-ஐத் தாண்டி வளைத்து, இருபது எண்ணும் வரை அப்படியே பிடித்துவிட்டு மெல்ல விட வேண்டும். பிறகு ஸ்பிரிங்கைச் சுருள் இறுகும் திசையில் திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். திருகாமல் பிளையர் போட்டு இழுத்தால் சுருள் நீண்டு, அடுத்த வளைவிலிருந்து அந்த இடத்தில் பைப் நசுங்கும். வளைத்த பைப்பை அன்றே சாடில் போட்டுப் பலகையில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படியே விட்டுவிட்டால் மறுநாள் கொஞ்சம் விரிந்திருக்கும்.

வெள்ளைக்கோடு விழுந்த வளைவைக் கழித்துவிட வேண்டும். பைப் அங்கே தளர்ந்துவிட்டது என்று பொருள். சேலத்து வெயிலில் இது அவ்வளவாக வராது. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி காலை வேளையில் அதே பைப் விறைத்துப்போய் வெடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் பைப்பைச் சிறிது நேரம் வெயிலில் போட்டோ, துணியால் அழுத்தித் தேய்த்தோ, வெந்நீர் ஊற்றியோ சூடேற்றிவிட்டு வளைக்கிறார்கள். மெழுகுவர்த்தி, ஸ்டவ் நெருப்பில் காட்டுவதை மட்டும் பழக விடாதீர்கள். பைப் ஒரு பக்கம் உருகி மறுபக்கம் அப்படியே இருக்கும். கருகினால் வரும் புகை நெஞ்சுக்கும் கெடுதல்.

90 டிகிரி தொடர்ந்து ஐந்து தடவை 3 மி.மீ.க்குள் வந்துவிட்டால் அடுத்தது ஆஃப்செட். சுவரை ஒட்டி வரும் பைப், சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் ஸ்விட்ச் பாக்ஸ் துளைக்குள் நேராக நுழைய இரட்டை வளைவு தேவை; அதுதான் ஆஃப்செட். உயரம் 40 மி.மீ., கோணம் 30 டிகிரி என்றால் இரண்டு வளைவு மையங்களுக்கும் இடையே 80 மி.மீ., அதாவது உயரத்தைப் போல் இரண்டு மடங்கு. இதனால் பைப்பின் மொத்த நீட்டம் சுமார் 11 மி.மீ. குறையும். முதலிலேயே அதைக் கூட்டி வெட்ட வேண்டும். 45 டிகிரியில் 1.4 மடங்கு என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் அதே 40 மி.மீ.க்கு அது 57 மி.மீ.தான் தருகிறது. 75 மி.மீ. உள் ஆரத்தில் ஒவ்வொரு 45 டிகிரி வளைவும் மையத்திலிருந்து இருபுறமும் 35 மி.மீ. இடம் கேட்கும். 35-ம் 35-ம் 70; இடம் இருப்பதோ 57. இரண்டு வளைவும் ஒன்றில் ஒன்று ஏறி, பைப் பாம்பு போல நெளியும். பலரும் கை சரியில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி பைப்பை வீணாக்கும் இடம் இது. குறை கையில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. உயரம் குறைவான ஆஃப்செட்டுக்கு 30 அல்லது 22.5 டிகிரிதான், 22.5-க்கு 2.6 மடங்கு.

ஆஃப்செட்டில் வரும் இன்னொரு தவறு, இரண்டாவது வளைவு முதலாவதோடு ஒரே தளத்தில் இல்லாமல் முறுக்கிக்கொள்வது. வளைக்கும் முன் பைப் முழுநீளத்துக்கும் மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டு, இரண்டு வளைவிலும் அந்தக் கோடு பக்கவாட்டில் ஒரே இடத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் சிமென்ட் தரையில் படுக்க வைத்தால், ஆடாமல் முழுவதும் தரையைத் தொட வேண்டும்.

அழகுக்காக இவ்வளவு பாடா என்று உங்களுக்குத் தோன்றலாம். வளைவு சரியாக இருந்தால்தான் வயர் போகும். பொதுப்பணிகளில் பின்பற்றும் அட்டவணைப்படி 20 மி.மீ. கண்டியூட்டில் 1.5 சதுர மி.மீ. வயர், நேரான ஓட்டத்தில் 5 போகலாம். வளைவு இருந்தால் 4 தான். ஒரு பாக்ஸுக்கும் அடுத்த பாக்ஸுக்கும் இடையில் நான்கு கால்வட்ட வளைவுக்கு மேல் இருக்கவும் கூடாது. அதனால் ஒவ்வொரு வார முடிவிலும் மகன் பலகையில் இரண்டு 90, ஓர் ஆஃப்செட் கொண்ட ஓட்டம் ஒன்று அமைத்து, நான்கு வயரை உள்ளே இழுத்துப் பார்க்கட்டும். ஒரு கையால் சீராக வந்தால் வேலை சரி. எங்காவது பிடித்தால் அங்கே அறுத்துத் திறந்து பார்க்க வேண்டும். சப்பையான வளைவோ, அரம் போடாமல் விட்ட அறுப்பு விளிம்போதான் இருக்கும். வளைக்காமல், கடையில் விற்கும் எல்போ என்ற மூலைத்துண்டை மாட்டி வேலையை முடிக்கிறவர்கள் நிறையப் பேர்; அந்தக் குறுகிய திருப்பத்தில்தான் வயர் மேல்தோல் உரசிக் கிழிகிறது.

சாடில் தூரமும் இப்போதே பழகட்டும்: பி.வி.சி.க்கு 60 செ.மீ.க்கு ஒன்று, வளைவுக்கும், இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளருக்கும் இருபுறமும் 30 செ.மீ.க்குள் ஒன்று.

ஸ்டீல் கண்டியூட் வீட்டில் பழக முடியாது, ஐ.டி.ஐ. ஒர்க்‌ஷாப்பிலோ அப்ரண்டிஸ் காலத்திலோதான். ஆனால் தெரிந்துகொண்டு போகலாம். 32 மி.மீ. வரை சுவர்த் தடிமன் குறைந்தது 1.6 மி.மீ.; ஸ்பிரிங் பயனில்லை, பெண்டிங் மெஷின்தான். வெல்டிங் தையல் வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வராமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிளந்துவிடும். சிலர் பிளம்பரின் பெண்டரைக் கடன் வாங்கி வளைப்பார்கள், அது சரிவராது. அரை இஞ்ச் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., கண்டியூட் 20. அந்த 1.3 மி.மீ. இடைவெளி போதும், பைப் ஃபார்மரில், அதாவது பெண்டரின் வளைவுப் பள்ளத்தில், உட்காராமல் பக்கவாட்டில் விரிந்து சப்பையாகிவிடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலை, நூற்பாலை, ஸ்டீல் பிளான்ட் போன்ற இடங்களில் இந்த வேலை நிறைய உண்டு. ஏற்காட்டில் தடித்த கல்சுவர் உள்ள பழைய எஸ்டேட் பங்களாக்களில் சுவரை வெட்ட முடியாது. பைப் வெளியேதான் ஓடும், ஒவ்வொரு வளைவும் கண்ணில் படும். பனிமூட்டத்தால் பைப்புக்குள் நீர் கோர்ப்பதால், தாழ்ந்த இடத்தில் வடிய வழி விடவும் தெரிந்திருக்க வேண்டும். இப்படி வேலை செய்கிறவரைத் தேடி வந்து கூப்பிடுவார்கள்.

மகனுக்கு 18 வயது முடியவில்லை என்றால் கட்டட வேலைக்குச் சாரம் ஏற அனுப்ப வேண்டாம். கரன்ட் உள்ள லைனில் கை வைக்கவும் விடாதீர்கள். தேர்வு முடிந்ததும் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்து, சேலம், மேட்டூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் இடம் பார்க்கட்டும். நேர்காணலுக்குப் போகும்போது தான் அமைத்த பலகையின் நாலைந்து போட்டோ போனில் இருந்தால், மார்க் ஷீட்டுக்கு அடுத்து அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். பின்னாளில் தனியாக வயரிங் வேலை செய்ய மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் தேவைப்படும். அதற்காக வேலை செய்த இடங்களில் அனுபவச் சான்றை அப்போதைக்கப்போது எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

டிப்ளமோ கதவும் மூடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே இப்போது பாதியில் நிறுத்தினால் ஓராண்டு நஷ்டம், முடித்துவிட்டுப் போனால் அந்த ஓராண்டு மிச்சம். இந்த ஞாயிற்றுக்கிழமை பைப்பும் ஸ்பிரிங்கும் வாங்கிக் கொடுங்கள்.