தாளிதத்தில் கருகும் போத்தல் வெங்காயம்

கனடாவிலிருந்து வந்த போத்தல் உலர் வெங்காயத்தைத் தாளிதத்தில் போட்டதும் கருகிச் சொதி கைத்துவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அதை உலர்ந்தபடியே எண்ணெயில் போடாதீர்கள். உங்கள் சொதி கைத்தது அதனால்தான், நீங்கள் சந்தேகப்படுகிற தேசிக்காய்ப்புளியால் அல்ல.

பச்சைச் சின்ன வெங்காயத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வற்றும்வரை கருகாது. உங்கள் போத்தலில் இருப்பது உறையவைத்து உலர்த்தியதாக இருக்கவேண்டும், கடதாசி மாதிரி. கடுகு வெடிக்கிற சூட்டில் பத்து எண்ணுவதற்குள் கறுத்துவிடும்.

ஒரு மேசைக்கரண்டி எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு நன்றாகப் பிழியுங்கள் (ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும்). பிழிந்த தண்ணீரைச் சொதிக்குள்ளேயே விடுங்கள், வாசம் அதிலும் இறங்கியிருக்கும். அடுப்பைக் குறைத்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலைக்குப் பிறகு கடைசியாகப் போட்டு, ஓரம் பொன்னிறமானதும் இறக்குங்கள்.

அதற்கு முதல் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மெத்தென்று வந்தால் நான் சொன்ன வகை. தோல் மாதிரி விறைத்தே நின்றால் சூட்டில் காயவைத்தது, இன்னும் கனநேரம் ஊறவேண்டும். எண்ணெய் மிதந்தால் அது பொரித்த வெங்காயம். தாளிக்கவே தேவையில்லை, மேலே தூவினால் சரி.

ஆனால் இடித்த சம்பலுக்கு இது சரிவராது. பல்லில் நறுக்கென்று கடிபடாது. அதற்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பச்சை வெங்காயமே வாங்குங்கள்.