கட்டடக்கலை படிக்க பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆர்க்கிடெக்ட்டின் பதில்கள்

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டேன். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பள்ளியில் பயாலஜி-மேத்ஸ், கம்ப்யூட்டர்-மேத்ஸ் என இரண்டு குரூப் இருக்கின்றன. எதை எடுப்பது? (மாணவி, நெல்லிக்குப்பம்)

எதை எடுத்தாலும் வழி திறந்துதான் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான ஐந்தாண்டுப் பட்டப் படிப்பான பி.ஆர்க்.குக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். அதில் சேர எழுதும் நாட்டா நுழைவுத் தேர்வுக்கு, இந்த இரண்டோடு மூன்றாவதாக வேதியியல், உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று பல பாடங்களை ஏற்கிறார்கள். ஆனால் கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும், அதற்கு வேதியியல் தேவை. உன் இரண்டு குரூப்பிலும் வேதியியல் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

நான்காவது பாடத்தில் உனக்கு எது நன்றாக வருமோ அதை எடு. தமிழ்நாட்டு பி.ஆர்க். கவுன்சலிங்கில் பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கும், நாட்டா 200-க்கும் கணக்கிட்டு, மொத்தம் 400-க்குத்தான் ரேங்க் போடுகிறார்கள். அதனால் பிடிக்காத பாடத்தை எடுத்து மார்க்கை இழக்காதே. கம்ப்யூட்டர் எடுத்தால்தான் கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேட் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்தச் சாஃப்ட்வேரைக் கல்லூரியில் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். அதற்கும் பிளஸ் டூ கம்ப்யூட்டர் பாடத்துக்கும் பெரிய தொடர்பில்லை. பயாலஜி ரெக்கார்டு நோட்டில் தண்டின் குறுக்குவெட்டைப் பொறுமையாக வரைந்த பிள்ளைகளுக்கு, வீட்டின் குறுக்குவெட்டு வரையும்போது கை தயங்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இயற்பியல் எதற்கு என்று உன் வீட்டில் கேட்டால் தானே புயலைச் சொல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த புயல் அது. எத்தனை வீட்டு ஷீட் கூரைகள் பறந்தன! கூரைக்கு மேலே காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று ஷீட்டை மேலே தள்ளுகிறது. கூரை நம் தலையில் விழாமல் தாங்கினால் போதாது, மேலே கிளம்பாமல் கட்டிப்போடவும் வேண்டும். இந்தக் கடற்கரையில் வீடு கட்டுகிறவருக்கு இது தெரியாமல் தீராது.

என் மகள் மிக நன்றாக வரைவாள். ஆனால் கணக்கு என்றாலே பயம். காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டு ஆர்க்கிடெக்சர் போக முடியுமா? (ஒரு தந்தை, கடலூர் முதுநகர்)

இயற்பியலும் கணிதமும் இல்லாத குரூப்பில் படித்தால் பி.ஆர்க். சேர முடியாது. இதை இப்போதே தெளிவாகச் சொல்வதுதான் உங்களுக்கு நல்லது. பிளஸ் டூ முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுத பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆனால் ஒரு நிமிடம் பொறுங்கள். உங்கள் மகளின் பயம் எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் மேசையில் தினமும் நடக்கும் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். தரைக்கும் மாடிக்கும் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படியின் உயரம் 6 அங்குலம் என்றால் 20 ஏற்றம். கடைசி ஏற்றம் மாடித் தளத்தில் முடிவதால் கால் வைக்கும் மிதி 19 தான். ஒரு மிதி 10 அங்குலம் என்றால் 190 அங்குலம், ஏறக்குறைய 16 அடி நீளம். வீட்டில் அவ்வளவு இடம் இல்லையே! சரி, பாதியில் ஒரு லேண்டிங் வைத்துத் திருப்புகிறோம். இந்தக் கணக்கை அவளிடம் கொடுத்து, உங்கள் வீட்டுப் படியையே டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதில் ஆர்வம் வந்தால், பயம் பாடத்தின் மீது அல்ல, பரீட்சையின் மீதுதான். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் இரண்டு வருடத்தில் சரிசெய்துவிடலாம்.

எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். டிசைன் படிப்புகளுக்கான யூசீட், தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.யின் (NID) நுழைவுத் தேர்வு ஆகியவற்றை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். ஓவியத்தையே படிப்பாக எடுக்க, பக்கத்திலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. நன்றாக வரைகிற பிள்ளைக்கு அதுவும் முழுமையான வாழ்க்கைதான்.

புதுச்சேரியில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படிக்கிறேன். அப்ளைடு மேத்ஸ் எளிது என்கிறார்களே, எடுக்கலாமா? (மாணவர், லாஸ்பேட்டை)

வேண்டாம். அது வணிகம், சமூக அறிவியல் போன்ற படிப்புகளுக்குப் போகிறவர்களை மனதில் வைத்து உருவாக்கிய பாடம். வழக்கமான கணிதத்தையே எடுங்கள். உங்கள் பள்ளியில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இருந்தால் ஐந்தாவது பாடமாகச் சேர்க்கலாம், இல்லையென்றால் இழப்பு எதுவும் இல்லை.

எனக்கு மனித முகமே வரைய வராது. நாட்டாவில் தேறுவேனா? (மாணவி, பண்ருட்டி)

முகம் வரையும் திறமையைத் தேடி அந்தத் தேர்வை வைக்கவில்லை. 200 மதிப்பெண்ணில் வரைதல் பகுதிக்கு 80. மீதி 120 கம்ப்யூட்டரில் எழுதுவது. அந்த 80-இலும் வண்ண அமைப்புக்கு 25, கறுப்பு வெள்ளைக் காட்சிக்கு 25, கொடுக்கும் பொருட்களை வைத்து முப்பரிமாண வடிவம் செய்ய 30. இடத்தையும் அளவையும் நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்றுதான் சோதிக்கிறார்கள்.

பார்வைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றால் ஒரு நாள் புதுச்சேரிக்கு வாருங்கள். காலையில் தமிழர் பகுதியில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். தெருவிலிருந்து திண்ணை எவ்வளவு உயரம், அதன் மேல் தாழ்வாரம் எவ்வளவு தூரம் நீள்கிறது, நிழல் எங்கே முடிகிறது என்று கோடுகளில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோந்து விடுதியை வெளியே நின்று பாருங்கள். அந்தோனின் ரேமண்ட் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்தது. 1930-களில் வேலை தொடங்கி 40-களில் முடிந்தது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்து மூடும் கிடைப்பலகைகள் வரிசையாக நிற்கும். வெயில் உள்ளே வராது, கடல்காற்று வரும். திண்ணை வீடும் கோல்கோந்தும் ஒரே வெயிலுக்குச் சொன்ன இரண்டு பதில்கள். இரண்டையும் வரைந்து பாருங்கள். கோடு கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அளவு சரியாக வர வேண்டும்.

பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போனால் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.ஆர்க். சேரலாமா? (பெற்றோர், திருப்பாதிரிப்புலியூர்)

முடியாது. கணிதம் உள்ள மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்கள் நாட்டா எழுதலாம், ஆனால் முதலாண்டிலிருந்துதான் படிக்க வேண்டும். மூன்றும் ஐந்தும் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆர்க்கிடெக்ட் ஆவதுதான் குறிக்கோள் என்றால் பிளஸ் டூ வழியே நேர்வழி.

அப்பா கொத்தனார். தமிழ் மீடியத்தில் படிக்கிறேன். இந்தப் படிப்பு எங்களைப் போன்றவர்களுக்கா? (மாணவன், குறிஞ்சிப்பாடி)

தம்பி, உங்களுக்குத்தான். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அதில் பி.ஆர்க்.குக்கான தாள் 2ஏ, கணிதமும் ஆப்டிட்யூடும் வரைதலும் கொண்டது. மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான திருச்சி என்.ஐ.டி.க்கு (NIT) அதுதான் வாசல். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளிக்கு மாநிலக் கவுன்சலிங் வழியாகப் போகலாம். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், ஆனால் அங்கே பாதி நேரம் பேசுவது உங்கள் வரைபடம்தான்.

அப்புறம் ஒன்று. உங்கள் அப்பா வீட்டுக்கு மூலை எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? நூல் கட்டி ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை சரி. பாடப் புத்தகத்தில் பிதாகரஸ் தேற்றம் என்று படித்தது அதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு சைட்டுக்குப் போங்கள். தூக்குகுண்டு ஏன் அசையாமல் நிற்கும்வரை அவர் காத்திருக்கிறார், ரசமட்டத்தில் குமிழி எங்கே வந்ததும் தலையாட்டுகிறார் என்று பார்த்து எழுதி வையுங்கள். பிளஸ் ஒன்னில் கணிதமும் இயற்பியலும் உள்ள குரூப்பைக் கேட்டு வாங்குங்கள். தமிழ் மீடியம் என்று பள்ளியில் தயங்கி உங்களை வேறு குரூப்பில் போடப் பார்த்தால், அப்பாவையும் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.