நினைவாகப் பச்சை குத்திக்கொள்ள எதைத் தேர்ந்தெடுப்பது?

மறைந்த பாட்டியின் நினைவாகக் கையில் எதைப் பச்சை குத்திக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தீர்கள். இணையத்தில் எவருக்கும் கிடைக்கும் வடிவங்களை விட்டுவிட்டு, அவருக்கும் உங்களுக்கும் மட்டும் உரியதைத் தேடுங்கள். சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் புறப்படுமுன் அவர் தம் கையெழுத்தில் எழுதிய சாமான் பட்டியலிலுள்ள ஒரு சொல்லோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு வாசலில் அவர் வழக்கமாகப் போட்ட புள்ளிக்கோலமோ எந்த உருவப்படத்தையும்விட நெருக்கமானது என்றே நான் கருதுகிறேன்.

மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லப் பரவுவதால், பொடியாகக் குத்திய 'ண', 'இ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிப்போகும். ஆகவே பெரிதாக, இடைவெளி விட்டு அமைக்கச் சொல்லுங்கள். குத்துபவருக்குத் தமிழ் தெரியாதெனில், எழுத்துரு பொருந்தாமல் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால், தோலில் ஒற்றிய மாதிரியை ஊசி படுமுன் நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபாருங்கள்.