மகளின் கோபத்தைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு

இந்த நாட்டுக்கு வந்து 8 மாதம்தான் ஆகிறது, 15 வயது மகள் எப்போதும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளி ஆலோசகர் ‘மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்கிறார், உங்கள் கணவரோ ‘எல்லாம் இங்கே வந்து பிடித்த திமிர்’ என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று தவிக்கிறீர்கள். ஆலோசகர் சொல்வதைக் கேளுங்கள், தங்கச்சி. இந்த வாரமே காட்டுங்கள்.

என் மகனுக்கும் இதே வயதில்தான் மனச்சோர்வு வந்தது. நானும் திமிர் என்றே நினைத்தேன். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் எனக்குத் தெரியும். இந்த வயதில் அது சோகமாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எல்லாம் விளங்கியது. உயிராக நேசித்த விளையாட்டை விட்டிருந்தான். விடிய விடிய விழித்திருந்தான். 2 வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் இப்படி இருந்தால் பருவக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாதாம். நான் 5 மாதம் விட்டிருந்தேன்.

அந்த 5 மாதத்தில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்தோம்.” இதை மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அளவுக்கு மீறிய குற்ற உணர்வு இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கும் பிள்ளைக்கு, அம்மாவே அதை உறுதி செய்வது போல ஆகிவிடும். ‘நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு நினைச்சேன்’ என்று அவன் பிறகு சொன்னதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் அவளிடம் நேராகக் கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றே அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நான் வைத்தேன், தன் வேதனையைத் தானே மறைத்து, ‘ஒண்ணும் இல்லையாம்மா’ என்று சொல்லிவிட்டான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். அவளிடம் தனியாகப் பேச வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் மனம் நோகாமல் வெளியே இருங்கள். மனநல ஆலோசகரோடு பேசிப் பெறும் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அந்த நாட்களில் கூடவே இருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கணவரோடு வாதாட வேண்டாம். முதல் நாளே அவரையும் அழைத்துப்போங்கள். என் வீட்டுக்காரர் நான் சொல்லி எதையும் நம்பவில்லை. மருத்துவர் பேசி முடித்ததும் இவர் மகனைப் பார்த்து, “எப்பலேருந்துப்பா இப்படி இருக்கு?” என்று கேட்டார். அதுவரை எங்கள் இருவரில் ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை.