அன்னாசி போட்டால் பருப்பு வேகாதா?

கேள்வி: மெக்சிகோ பாணியில் பன்றிக்கறி, தக்காளி, அன்னாசி, வாழைப்பழம் போட்டு முழு மைசூர் பருப்பில் சூப் வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு நறுக்கென்றே இருந்தது. பழமோ கரைந்து, சூப் பாயசம் மாதிரி இனித்தது. என்ன செய்வது?

பதில்: ஒன்றாகப் போட்டதுதான் சிக்கல். தக்காளியும் அன்னாசியும் புளிப்பு. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும், புளிப்பு அதைச் சுலபத்தில் கரையவிடாது. சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றுகிறோமே, அதே கணக்குதான். உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், முதலிலேயே போடலாம். ஆனால் உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் அதிலிருக்கும் கால்சியமும் பருப்பை வேகவிடாது, குடிதண்ணீரில் வையுங்கள்.

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில் பேர்போன சூப் இது. அங்கே இதில் போடும் வாழைப்பழம் நாம் உரித்துச் சாப்பிடும் பழம் இல்லை, சமையலுக்கென்றே உள்ள பெரிய வாழை. நம் ஊரில் அதற்கு நேந்திரம்தான் சரி. பூவன், ரஸ்தாளி போட்டால் கரையத்தான் செய்யும். தோலில் நிறையக் கறுப்புப் புள்ளி விழுந்து, அழுத்தினால் லேசாக அமுங்குகிற பழமாகப் பாருங்கள்.

நாலு பேருக்கு 300 கிராம் பன்றித் தொடைக்கறி, 250 கிராம் பருப்பு போதும். கறியை வெங்காயம், பூண்டு, உப்போடு 2 லிட்டர் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, அந்தச் சாறிலேயே கழுவிய பருப்பைக் கொட்டி மிதமான தீயில் வையுங்கள். ஊறவைக்கவே வேண்டாம், அரை மணியிலிருந்து நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு பருப்பை விரலில் நசுக்கிப் பாருங்கள், நடுவில் மாவு தட்டாமல் மசிய வேண்டும், அதுவரை புளிப்பான எதையும் சட்டியில் சேர்க்காதீர்கள்.

ருசி முழுக்க இனிமேல்தான். 3 தக்காளி, கொஞ்சம் வெங்காயம், 3 பல் பூண்டு மூன்றையும் எண்ணெய் இல்லாத தோசைக்கல்லில் தோல் கருகும்வரை சுட்டு, ஊறவைத்த 2 காஷ்மீரி மிளகாய், 2 கிராம்போடு அரைத்து, சூடான கொழுப்பில் ஊற்றிப் பச்சை வாசனை போய் நிறம் அடர்த்தியாகும்வரை வதக்குங்கள். இதைச் செய்யாமல் தக்காளியைச் சுடாமல் அப்படியே போட்டால் சூப்பில் காரமும் புகைவாசமும் இருக்காது, அப்போது பழத்தின் இனிப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். உங்களுக்குப் பாயசமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

விழுதைச் சூப்பில் சேர்த்து, சின்னதாக நறுக்கிய 2 வட்டம் அன்னாசி போட்டுப் பத்து நிமிடம் கொதித்தால் போதும். நேந்திரத்தைத் தடித்த வில்லைகளாக்கி, இரண்டு பக்கமும் பொன்னிறமாகத் தனியாக வறுத்து, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போடுங்கள். வறுத்த மேல்பக்கம் கெட்டிப்பட்டிருப்பதால் அது கரையாது.

அப்புறம், பச்சை அன்னாசியில் கறியை ஊறப்போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலுள்ள புரோமெலைன் என்சைம் கறியின் மேல்பாகத்தைக் கூழாக்கிவிடும். கொதித்த அன்னாசியில் அந்தப் பயம் இல்லை.

மறுநாள் சூப் கெட்டியாகிவிடும். வெந்நீர் ஊற்றித் தளர்த்தி, உப்பு பார்த்துக்கொள்ளுங்கள்.