சிலோன் டீக்கு அந்த வாசனை எங்கேருந்து வருது?

கேள்வி: நுவரெலியாலருந்து சொந்தக்காரங்க கொண்டுவந்த டீத்தூள் வாசனையே தனியா இருக்கு. ஒரு நாட்டுல மண்ணும் மழையும் நல்லா இருந்தா அங்கேருந்து ஏத்துமதி ஆகுற சரக்கும் தானா தரமா இருக்குமா?
- வாசகி, தேனி

பதில்: தானா வராதுங்க. மண்ணு, மழை, உயரம் எல்லாம் சேந்து பாதி வேலைய செஞ்சு குடுக்கும், அவ்ளோதான். 4000 அடிக்கு மேல விளையுறத ஹை க்ரோன்னு சொல்வாங்க, நுவரெலியா 6000 அடிக்கும் மேல, அந்தக் குளிர்ல செடி மெதுவா வளரும், கொழுந்து கம்மி, வாசனை ஜாஸ்தி. இலங்கையோட கிழக்கு மலைப் பகுதியான ஊவா பக்கம் ஜூலைலருந்து செப்டம்பர் வரைக்கும் கச்சான் காத்து மழைய எல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிட்டு வறண்டு போய் வந்து வீசும், செடி தண்ணியில்லாம தவிக்கும், அந்தத் தவிப்புலதான் மெந்தால் மாதிரி ஒரு வாசனை இலைல ஏறுது. மேற்கு மலைல இருக்குற திம்புளைக்கு அந்த வாசனை சீசன் ஜனவரிலருந்து மார்ச். இத எந்த நாடும் காசு குடுத்து வாங்க முடியாது.

ஆனா அது கப்பு வரைக்கும் வந்து சேரணுமே. ரெண்டு இலை ஒரு கொழுந்துன்னு பாத்து கிள்ளணும், ஒரு வாரம் பத்து நாளுக்குள்ள அதே மலைக்குத் திரும்பி வரணும், லேட்டானா இலை முத்திடும். கிள்ளினத சாக்குல அமுக்கி வெச்சா சூடேறி செவந்துபோகும், அதுக்கப்புறம் ஃபேக்டரில ராத்திரி பூரா வாட்டி என்ன பண்ணாலும் வாசனை திரும்பாது. கிள்ளுறது யாரு? பெரும்பாலும் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துலருந்து அந்தக் காலத்துல போனவங்களோட பேத்திங்க. பல தோட்டத்துல ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தாத்தான் முழுப் பேர் போடுவாங்க, கொறஞ்சா அரைப் பேர்தான், அதாவது பாதிக் கூலி. அப்ப கிலோ தேத்துறதுக்கு முத்தின இலையும் கூடைக்குள்ள போகத்தான் செய்யும், அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அந்தக் கையையும் நாட்டோட வளம்னு கணக்குல சேத்து கூலிய ஒழுங்கா குடுத்தாதான் தரம் நிக்கும்.

2021ல இலங்கை அரசாங்கம் ரசாயன உரத்துக்கு ஒரே அடியா தடை போட்டாங்க, வருஷம் முடியுறதுக்குள்ள வாபஸும் வாங்கிட்டாங்க. ஆனா உரம் இல்லாம காஞ்ச செடி அரசாங்க உத்தரவு பாத்தா துளிர்க்கும்? மறு வருஷம் டாலர் இல்ல டீசல் இல்லங்கற கஷ்டமும் சேந்துக்கிச்சு, 2021ல சுமார் 30 கோடி கிலோவா இருந்த உற்பத்தி 2022ல 25 கோடிக்கு வந்துடுச்சு. மலையும் மழையும் அங்கேயேதான் இருந்துச்சு.

கேள்வி: அசல் சிலோன் டீதானான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?
- வாசகர், கோவை

பதில்: பாக்கெட்ல வாள் புடிச்ச சிங்கம் முத்திரை இருக்கா பாருங்க. முழுக்க இலங்கை டீயா இருந்து, அங்கேயே பேக் பண்ணினாதான் அத போட விடுவாங்க. பால் ஊத்திக் குடிக்கிறவங்கன்னா தாழ்வான இடத்துல விளையுற லோ க்ரோன் வாங்குங்க, நல்லா கலர் எறங்கும், ஸ்ட்ராங்காவும் இருக்கும். நுவரெலியா டீய மட்டும் தயவுசெஞ்சு பால் இல்லாம குடிச்சுப் பாருங்க.