காட்டுச் செடி பயிரானது நாம் பார்த்துப் பொறுக்கியதால் மட்டும்தானா?

"நல்ல விதையாகப் பார்த்து எடுத்து வைத்து விதைத்ததால்தானே காட்டுச் செடிகள் பயிர்களாக மாறின?" என்பது கேள்வி. பாதி சரி. ஆனால் பெரிய மாற்றங்கள் சில யாரும் உட்கார்ந்து பொறுக்காமலேயே நடந்தவை, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததே அதுதான்.

கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக் கோதுமையின் கதிர் முற்றியதும் கணு கணுவாக உடைந்து தானே உதிர்ந்துவிடும், அப்படித்தான் அது பரவுகிறது. எப்போதாவது ஒரு செடியில் மரபணு மாறி, கதிர் உடையாமல் நிற்கும். காட்டில் அதற்கு வாரிசு குறைவு. ஆனால் மனிதன் அரிவாளோடு வந்து அறுக்கும்போது உதிர்ந்ததெல்லாம் மண்ணோடு போக, உதிராமல் நின்றதுதான் வீடு வந்து சேரும், அதில் ஒரு பங்கு அடுத்த வருஷம் விதையாகும். ஆக, அறுவடையே ஒரு தேர்வு.

இதற்குத் தடயம் அகழாய்வுகளில் கிடைக்கும் கருகிய கதிர்த் துண்டுகள். நுண்ணோக்கியில் பார்த்தால், தானே உதிர்ந்த துண்டில் பிரிந்த இடம் வழவழப்பாக இருக்கும். அடித்துப் பிரித்ததில் பிய்ந்துபோய்ச் சொரசொரப்பாக இருக்கும். மேற்காசியாவில் இந்தச் சொரசொரப்பான துண்டுகளின் பங்கு ஆயிரக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்லத்தான் கூடியிருக்கிறது. குறியாக இருந்து பொறுக்கியிருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

விதை உறக்கமும் இப்படித்தான் போனது. காட்டு விதைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது, சில வருஷக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். வயலில் விதைத்தவுடன் முளைத்தது மட்டுமே அந்த அறுவடைக்கு வரும், மற்றது விட்டுப்போகும்.

சரி, பார்த்துத் தேர்ந்தெடுத்ததே இல்லையா? நிறைய உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல் மூன்றும் ஒரே தாவர இனம்! இலை மொட்டு பெருத்ததை ஒருவர் விரும்பினார், பூங்கொத்து பெருத்ததை இன்னொருவர், தண்டு பெருத்ததை வேறொருவர். காட்டுப் பாதாம் கசக்கும், அதிலிருந்து சயனைடு வரும். ஒரு மரபணு மாறி இனிப்பான பருப்பு காய்த்த மரத்தைத் தின்று பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க முடியும். மக்காச்சோளத்தின் மூதாதையான டியோசிண்ட் என்ற மெக்சிகோப் புல்லில் ஒரு கதிருக்குப் பத்துச் சொச்சம் விதைகள்தான், ஒவ்வொன்றுக்கும் கல் போன்ற ஓடு. இன்றைய மக்காச்சோளத்துக்கு அந்த ஓடு இல்லை, ஆனால் மட்டைக்குள் சிக்கிய மணிகளை மனிதன் உரித்து விதைக்காவிட்டால் அந்தப் பயிரே நிலைக்காது.

பார்க்காமலே நடக்கும் தேர்வு எவ்வளவு வலுவானது என்று தெரிய வேண்டுமானால் களைகளைப் பாருங்கள். நெல் வயலில் வரும் குதிரைவாலி வகைக் களைப்புல் இயல்பாகப் படர்ந்து, அடித்தண்டு சிவந்து வளரும். கையால் களையெடுப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். நிமிர்ந்து, பச்சையாக, நெல் நாற்று மாதிரியே இருந்தவை தப்பின. தலைமுறை தலைமுறையாக இது நடந்ததில் இளம்பருவத்தில் நெல்லிலிருந்து பிரித்தறிய முடியாத வகைகளே உருவாகிவிட்டன. அழிக்க நினைத்த கையே வளர்த்துவிட்டது.

அப்புறம் ரை என்ற தானியம். அது கோதுமை வயலில் களையாக இருந்து, கோதுமையோடு சேர்ந்தே அறுவடையாகி, சேர்ந்தே விதைக்கப்பட்டு, குளிரும் மண்ணும் மோசமான இடங்களில் கோதுமை தோற்றபோது தான் மட்டும் விளைந்து தனிப் பயிரானது என்று ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் விளக்கினார்.